பிமோ உடைத்த முட்டைகள்

என் மூத்தவள் கோகோவுக்கு ஏழு வயது. பார்க்கிறவர்கள் நாலு என்பார்கள். இளையவள் சிஸ்ஸாவும் அப்படியே குள்ளமாக நின்றுவிடுவாளோ என்று இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குப் பயமாகவே இருந்தது.

பனி விழ ஆரம்பித்தபோது மலையேறி வந்த நர்ஸ் சிஸ்ஸாவைப் பலகையில் படுக்க வைத்து அளந்தாள். வயதுக்கேற்ற நீளம் இல்லை என்றாள். நீங்கள் மூன்று வேளையும் போடுகிற உருளைக்கிழங்கும் கசப்புக் கோதுமை ரொட்டியும் வயிற்றைத்தான் நிரப்பும். முட்டை, பயறு, கீரை என்று மாற்றி மாற்றிக் கொடு, இரண்டு வயதுக்குள் கொடு, அதற்கப்புறம் விட்டதைப் பிடிப்பது கஷ்டம் என்றாள். சிஸ்ஸாவுக்கு இரண்டு முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கோழி.

அது இட்ட முட்டையெல்லாம் எங்கள் பூசாரி பிமோவின் கைக்குப் போனது. அவர் என் கணவர் லாஹேயின் பெரியப்பா. முட்டையைப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை உருட்டுவார். தண்ணீர்க் கிண்ணத்தில் உடைத்து, கருவை உற்றுப் பார்த்துவிட்டு, தோளில் பேய் உட்கார்ந்து அழுத்துகிறது, அதனால்தான் வளரவில்லை என்பார். உடைத்த முட்டையில் பேய் இறங்கியிருக்கும். அதை வேலிக்கு வெளியே கொட்டிவிட்டு வருவது கோகோவின் வேலை.

ஒரு முட்டையையாவது பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கலாமே என்று லாஹேயிடம் கேட்டேன்.

"பேய் கோச்சுக்கிட்டுப் பிள்ளைய அடிச்சுப் போட்டா, அந்த நர்ஸா வந்து உசிரு குடுப்பா?" என்றார்.

எனக்கும் பேய் என்றால் பயம்தானே. பேய்க்குப் பயந்தால் பிள்ளை வளராது, வளர வேண்டுமென்றால் பேயைப் பகைக்க வேண்டும். என்ன பிழைப்போ இது.

போன வாரம் பிமோ முட்டை பார்த்துவிட்டுப் போன பிறகு, விறகெடுக்கப் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் போனேன். அங்கே கோகோ நாலு நெருப்புக் கங்குகளைக் கூட்டி அதன்மேல் கிண்ணத்தை வைத்திருந்தாள். வெந்த முட்டையை விரலால் வழித்து சிஸ்ஸாவின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

என் உயிரே போய்விட்டது. கோகோவை ஓங்கி அறைந்தேன். சின்னவளின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். எல்லாம் விழுங்கியாகிவிட்டது. எத்தனை நாளாக நடக்கிறது இது என்று உலுக்கினேன். புது வருஷத்திலிருந்து என்றாள். இரண்டு மாதம்! பொழுது சாயும்வரை சிஸ்ஸாவை மடியில் போட்டுக்கொண்டு, காய்ச்சல் வருகிறதா, கண் செருகுகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைத் தட்டி இன்னும் கேட்டாள்.

கோகோ மூலையில் நின்றிருந்தாள். ஆத்திரம் தாளாமல் கேட்டேன்: "பசிச்சா நீ தின்னுருக்கலாம்ல? பச்சப் பிள்ளைக்கு ஏண்டி குடுத்த?"

"நான் தின்னா வீணும்மா," என்றாள் கோகோ. "எனக்குத்தான் ரெண்டு வயசு தாண்டிருச்சே."