எழுபது மூட்டை உப்பு

“உங்க வீட்டு நீச்சல் குளம் நாளைக்கு எத்தனை மணிக்கு உள்வாங்கும், மிஸஸ் விட்டன்?” என்று நகரசபை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்டார். கிளெனிஸ் விட்டன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, பிற்பகல் இரண்டு இருபதுக்கு என்றாள். கேட்டவர் குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். எங்கள் பிரையர் ஹில்லிலிருந்து சிட்னிக் கடற்கரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இடையில் இரண்டு நெடுஞ்சாலைகளும் ஒரு குதிரைப் பந்தய மைதானமும் எண்ண முடியாத அளவுக்கு ஓட்டு வீடுகளும் இருக்கின்றன. ஆனாலும் விட்டன் வீட்டின் பின்புறத்தில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறியது, இரண்டு முறை இறங்கியது. தெருவில் எல்லோரும் அதைப் பார்த்துத் துணி உலர்த்தப் பழகியிருந்தார்கள்.

இது டாரல் விட்டனின் சாய்விலிருந்து தொடங்குகிறது. டாரல் தெற்கே உல்லடல்லாத் துறைமுகத்துக்காரன். பதினெட்டு வருடம் அப்பாவின் படகில் மீன் பிடித்தான். படகு விலை போனதும், பிரையர் ஹில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்த கிளெனிஸைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து, டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாம் வருடத்தில் அவன் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதைத் தெரு கவனித்தது. கடல் இருக்கும் திசை அது. வருடத்துக்கு இரண்டு டிகிரி கூடியது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முதுகெலும்பு அடிஸ்கேல் மாதிரி நேராக இருப்பதாகச் சொன்னார். கல்யாண நாளுக்குப் படம் எடுக்க வந்தவர் கேமராவைச் சாய்த்துப் பிடித்து டாரலை நேராக்கினார். படத்தில் கிளெனிஸும் வீடும் சாய்ந்துவிட்டன. அவன் வடக்கே ஓட்டினால் கார் வலப்பக்கம் இழுத்தது, தெற்கே ஓட்டினால் இடப்பக்கம் இழுத்தது. அவர்களுடைய கட்டில் தானாக நகர்ந்து வருடக் கடைசியில் கிழக்குச் சுவரில் போய் முட்டும். கிளெனிஸ் புத்தாண்டுக்குப் புத்தாண்டு அதைத் திரும்ப இழுத்துப் போடுவாள்.

பதினோராம் வருடம் சாய்வு இருபத்திரண்டு டிகிரியைத் தொட்டது. ஒரு நாள் காலையில் அவன் கொல்லையில், கையில் டீக் கோப்பையோடு, கிழக்கு வேலியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நிற்பதை அவள் பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“சும்மாதான் நிக்கிறேன்.”

கடலுக்குப் போக வேண்டும் என்று அவன் வாய் திறந்து கேட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், எதையாவது சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. சாய மட்டும் சாய்ந்தான். இந்தக் கணக்கில் போனால் இன்னும் நாலைந்து வருடத்தில் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடுவான், விழுந்தவன் எழுந்து நடந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அவள் அந்த வீட்டில் தனியாக நேராக நிற்க வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு கார்மென் ஸாமிட்டிடம்தான் முதலில் சொன்னாள். கார்மென் மால்டாத் தீவிலிருந்து சிறுமியாக வந்தவள். தக்காளிப் பாத்தியில் குனிந்தபடியே கேட்டாள். “தண்ணிதான வேணும் அவனுக்கு? ஒரு குளத்த வெட்டு. இந்தத் தெருவுல நாலு வீட்ல இருக்கு. அவனுங்க வாரத்துக்கு ஒரு தடவ அதுல இறங்கி பியர் குடிக்கிறானுங்க. உன் புருஷன் ஒருத்தனாவது நீந்தட்டும்.”

கிளெனிஸ் கட்டத் தாள் வாங்கி வந்து வரைந்தாள். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் இடுப்பளவு, மறுமுனையில் ஆள் மூழ்கும் அளவு. மூன்று பிரதிகள் நகரசபைக்குப் போயின. குளத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர் குறைகிறது என்று மூன்றும் திரும்பி வந்தன. குளத்தைச் சுருக்க அவளுக்கு மனமில்லை. ரப்பரால் அழித்து, வீட்டைப் பத்து சென்டிமீட்டர் தள்ளி வரைந்து அனுப்பினாள். ஒப்புதல் முத்திரை விழுந்த அன்றைக்கு வீடும் அவ்வளவு தூரம் தள்ளிப் போனது. சமையலறைக் கதவு அன்றிலிருந்துதான் தரையில் உரசுகிறது.

மண் வெட்டும் இயந்திரம் வீட்டுப் பக்கச் சந்தில் நுழையாது என்பது அது வந்து நின்ற பிறகே தெரிந்தது. கார்மென் தன் வேலியில் ஆறு பலகைகளைக் கழற்றவிட்டு, தக்காளிப் பாத்தியின் முன்னால் நாற்காலி போட்டு மூன்று நாள் காவல் இருந்தாள். களிமண் போனது, கம்பி கட்டினார்கள், கான்கிரீட்டைக் குழாயால் பீச்சினார்கள், நீல ஓடு பதித்தார்கள். கம்பி கட்டிய கட்டத்தில் ஒருமுறை நகரசபை ஆய்வாளர் நெவில் ஸ்டாடர்ட் வந்தார். அந்த வெயிலிலும் டை கட்டி, இடுப்பில் அளவு நாடா மாட்டியிருந்த ஒல்லியான மனிதர். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை அவர் பேசி யாரும் கேட்டதில்லை. குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உயர வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் வேண்டும், வேலிக்கு அருகில் குழந்தைகள் ஏறுவதற்கு வாகான பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கிளெனிஸ் அப்படியே செய்தாள்.

மூன்று ரப்பர் குழாய்கள் நாலு நாள் ஓடிக் குளம் நிறைந்தது. இங்கே பாதிப் பேர் குளோரினை வாங்கிக் கொட்டுவதில்லை. தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, அதிலிருந்தே குளோரினைப் பிரித்துத் தரும் இயந்திரத்தை மாட்டிவிடுவார்கள். குளக் கடைக்காரர் டாரலிடம் தெளிவாகத்தான் சொன்னார். “உங்க அளவுக்கு ஒன்பது மூட்டை, மேட். கண்ணீர் எவ்ளோ கரிக்குமோ அவ்ளோ கரிச்சாப் போதும். அதுக்கு மேல வேணாம்.” டாரல் ஒன்பதைக் கொட்டி, ஒரு நாள் மோட்டார் ஓடவிட்டு, உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். “இன்னும் வரல,” என்றான். எங்கள் ஆட்களில் வேறு யாராக இருந்தாலும் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்திருப்பார்கள். கடற்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் ருசி பார்க்கத்தான் தோன்றும். இருபது மூட்டைக்கும் வரவில்லை, நாற்பதுக்கும் வரவில்லை. கடையில் உப்புத் தீர்ந்து அடுத்த ஊர்க் கடைக்குப் போனான். எழுபதாவது மூட்டையைக் கொட்டி ருசி பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

“இதுதான்,” என்றான். “எங்க ஊரு கடல் பாலத்தடித் தண்ணி.”

உப்பின் அளவு சரியாக இருந்ததால் தண்ணீர் தன்னைக் கடல் என்று எடுத்துக்கொண்டது. அன்று மதியம் மூன்று மணிக்கு அது கிழக்கு முனை வழியாக வெளியே போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நீல ஓடுகளின் மேல் ஈர மணலும் இரண்டு நண்டுகளும் ஒரு செருப்பும் கிடந்தன. கிளெனிஸ் விரிசல் என்று நினைத்துக் கட்டியவருடைய தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குள் தண்ணீர் திரும்பி வந்து, வேலிக் கம்பிகளுக்கு இடையில் புகுந்து, துணிக் கம்பத்தின் அடி வரைக்கும் ஏறி நின்றது. மறுநாள் டாரல் தூண்டில் கடையிலிருந்து அந்த மாதத்துக் கடல் ஏற்ற இறக்க நேரத் தாளை வாங்கி வந்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். நிமிடம் தவறாமல் பொருந்தியது.

முதல் வாரத்தில் கார்மென் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். “உன் புருஷன் என் தக்காளிய ஊறுகா போட்டுட்டான், கிளெனிஸ்.” கிளெனிஸ் மன்னிப்புக் கேட்டாள், புது மண் வாங்கித் தருவதாகச் சொன்னாள். கார்மென் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் தண்ணீர் இறங்கியபோது அவளுடைய பாத்தியில் முழங்கை நீள ஆக்டோபஸ் ஒன்று தக்காளிக் குச்சியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது. அதைச் சிவப்பு ஒயினும் பூண்டும் போட்டுச் சமைத்து ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். “தக்காளிய விடு. கடைல கிடைக்கும்,” என்றாள். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

தெரு மற்றதையும் சமாளித்துக்கொண்டது. சீகல் என்ற கடற்பறவைகள் வந்து உருளைக்கிழங்கு வறுவலைப் பிடுங்கியதால் சனிக்கிழமை சாப்பாட்டை வீட்டுக்குள் மாற்றிக்கொண்டார்கள். வீட்டுத் தரகர்கள் எங்கள் தெரு விளம்பரங்களில் கடல் காற்று என்று சேர்த்துக்கொண்டார்கள். கடிதம் கொண்டு வருபவர் அந்த நேரத் தாளைப் பார்த்து வரத் தொடங்கினார். டாரல் வாரத்துக்கு இரண்டு டிகிரி நிமிர்ந்தான். பதினோரு வாரத்தில் செங்குத்தாக நின்றபோது அவன் தன் நினைவில் இருந்ததைவிட உயரமானவன் என்று கிளெனிஸ் கண்டாள். முத்தம் கொடுக்க அவள் நுனிக்காலில் எம்ப வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பணி முடிவுச் சான்றிதழுக்கு ஸ்டாடர்ட் வந்தது மூன்றாம் மாதம். அவர் கடலைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வேலியை அளந்தார், கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார், தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு வேலியை ஒட்டிக் கிடந்த பாறையைக் காட்டினார்.

“ஏறுறதுக்கு வாகா இருக்கு, மிஸஸ் விட்டன். எடுத்துடணும்.”

“எடுத்துப் போட்டாச்சுங்க. காலைல திரும்பக் கொண்டாந்து வச்சிருக்கு.”

“யாரு?”

“தண்ணி.”

“தண்ணி வேலிக்கு உள்ளதான இருக்கணும்.”

“அது கிட்ட நீங்களே சொல்லிப் பாருங்களேன்,” என்றான் டாரல்.

ஸ்டாடர்ட் சொல்லிப் பார்க்கவில்லை. தண்ணீர் வேலிக்கு வெளியே போகும் குளம் வேலியில்லாத குளம் என்று எழுதினார். இப்படி நாலு முறை வந்து நாலு முறை எழுதினார். நாலாவது கடிதத்தில் முப்பது நாளுக்குள் குளத்தை மண் போட்டு மூட வேண்டும் என்றிருந்தது. கடிதம் வந்த மறுநாள் காலையில் டாரல் டீ ஊற்றும்போது கோப்பையில் டீ ஒரு பக்கமாக நின்றது. அரை டிகிரி இருக்கும். அவன் கவனிக்கவில்லை. கிளெனிஸ் கவனித்தாள்.

அவள் நகரசபை நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தை முதலிலிருந்து படித்தாள். பல் ஆஸ்பத்திரியில் விடுப்புப் போட்டு மூன்று நாள் படித்தாள். பிறகு ஸ்டாடர்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “குளத்துக்குத்தான வேலி கேக்குறீங்க? கடலுக்கு எங்கயாச்சும் வேலி போட்டிருக்கீங்களா?” மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. கடல், ஆறு, ஏரி இவற்றுக்கு வேலி தேவையில்லைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது கடல் என்றால் கடலோடு சேர்ந்திருக்க வேண்டும்; நேரில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். உதவியாளர் ஒருவர் நேரம் கேட்டு அழைப்பார் என்றார். குளம் உள்வாங்கும் நேரம் கேட்ட அந்த அழைப்பு அப்படித்தான் வந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு ஸ்டாடர்ட் வந்தார். கார்மென் தன் நாற்காலியோடு வேலியருகே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாடர்ட் ஷூவையும் காலுறையையும் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, பேண்டை முழங்கால் வரை மடித்தார். அளவு நாடாவின் முனையை டாரலிடம் கொடுத்தார். “இத விடாமப் பிடிங்க,” என்றார். நாடாவை அவிழ்த்துக்கொண்டே படியில் இறங்கி மணலில் நடந்தார். எட்டாவது மீட்டரில் குளத்தின் சுவர் இருக்க வேண்டும். இல்லை. பதினைந்தாவது மீட்டரில் பின் தெருக்காரர்களின் சமையலறை இருக்க வேண்டும். அங்கே ஈர மணலும் அதற்கு அப்பால் ஒரு வெளிச்சமும்தான் இருந்தன. முப்பதில் நாடா முடிந்து இறுகி நின்றது. ஸ்டாடர்ட் தன் பக்கத்து முனையைக் கீழே வைத்து, மேலே கல் வைத்துவிட்டு, கிழக்கே நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய டை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் கிளெனிஸுக்கு அது உறைத்தது. கடல் இல்லை என்று ஆனால் குளம் மூடப்படும், டாரல் சாய்வான். கடல்தான் என்று ஆனால் வேலி இல்லை, சுவர் இல்லை, ஊருக்குப் போகும் வழி அவன் காலடியில் திறந்து கிடக்கிறது. அவள்தான் சட்டத்தைப் படித்து அதைத் திறந்து வைத்திருக்கிறாள். டாரல் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றான். மணலில் அவனுடைய கால் விரல்கள் அசைந்தன.

“போகணும்னா போயிக்கோ,” என்றாள் கிளெனிஸ். “எனக்கு இப்படி நின்னு பாத்துட்டே இருக்க முடியாது.”

“எங்க போக?”

“உன் ஊருக்குத்தான்.”

டாரல் அவளைத் திரும்பிப் பார்த்தான். “இத்தன தண்ணியும் இங்கதான வருது,” என்றான். “தினம் ரெண்டு தடவ வருது, வேல மெனக்கெட்டு. நான் எதுக்கு அங்க போய் நிக்கணும்?”

“பதினோரு வருஷமா சாஞ்சியே.”

“ஏன் சாயறேன்னு நீ ஒரு தடவகூட கேக்கலயே.”

“கேட்டா போயிடுவியோன்னுதான்.”

“ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, பிரயோஜனமில்ல,” என்றாள் கார்மென் நாற்காலியிலிருந்து. “கொடில இருக்குற துணிய எடு கிளெனிஸ், தண்ணி திரும்புது.”

திரும்பியது. தண்ணீருக்கு முன்னால் ஸ்டாடர்டும் திரும்பி வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தார், மூக்கு வெயிலில் சிவந்திருந்தது, டையைக் காணவில்லை. டாரல் நாடாவைச் சுற்றி அவரிடம் கொடுத்தான். பேனா நனைந்து எழுத மறுத்ததால் கிளெனிஸ் வேறு கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்டாடர்ட் படிவத்தைத் தொடைமேல் வைத்து, ‘நீச்சல் குளம்’ என்ற இடத்தை அடித்து, மேலே ‘கடல்’ என்று எழுதி, வேலி தேவையில்லை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளெனிஸ் டீ குடிக்கச் சொன்னாள். கார்மென் எங்கே வரைக்கும் போனீர்கள் என்று கேட்டாள். அவர் படிவத்தின் ஒரு பிரதியைக் கிழித்துக் கிளெனிஸின் கையில் வைத்தார், ஷூவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், வீட்டுப் பக்கச் சந்து வழியாக வெறுங்காலோடு நடந்து காரில் ஏறிப் போனார்.