காது உயரத்தில் ஒரு ரிசீவர்

1.
இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. பல்லாவரத்தில் ஒரு கடைக்கு மிக்ஸி ஜார் மாற்றப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் விற்பனையாளனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜாரை மறந்துவிட்டு நின்று கேட்டேன். வெட்கமெல்லாம் இல்லை; எழுதுகிறவளுக்கு அது கட்டுப்படியாகாது.

அவளுக்கு ரோஸி என்று பெயர் வைத்தேன். அனகாபுத்தூரில் வீடு கொடுத்தேன். ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க டோக்கன் எண் கூப்பிடும் வேலையும் கொடுத்தேன்.

"இசையின் மீது தீராத தாகம் கொண்ட ரோஸி, அன்று மாலை..."

(சே. தாகமாம். வேலை முடிந்து வந்தால் அவளுக்கு உட்கார்ந்து பாட்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான்.)

2.
"இதெல்லாம் இப்ப யாரும் வாங்கறதில்லக்கா. ஹோம் தியேட்டர் எடுத்துக்க. அஞ்சு ஸ்பீக்கர், ரிமோட், எல்லாம் கீது" என்றான் கடைக்காரப் பையன் சக்திவேல்.

"எனக்குக் கீறது ரெண்டு காதுதாம்ப்பா."

அவள் கேட்டது சாதாரண ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். இரண்டு ஸ்பீக்கர் மாட்டினால் போதும். முகப்பில் கையால் திருகும் பெரிய குமிழ். ரிமோட் கிடையாது. அவள் கைக்கு அடக்கமானது அதுதான். பிடித்ததும் அதுதான்.

(எளிய பொருளை விரும்புகிறவளைப் பார்த்து "பாவம், வசதியில்லை" என்று உச்சுக்கொட்டும் வாசகர் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

3.
அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷத்திலிருந்து ரோஸியின் தெருவில் ஒரு வழக்கம். கரண்டில் ஓடும் எதையும் கீழே வைக்க மாட்டார்கள். பிளக் பாயிண்ட்கூடத் தலைக்கு மேலேதான். ரோஸியின் கணவன் பிரிட்டோ ரிசீவரையும் ஸ்பீக்கர்களையும் பரணில் ஏற்றினான்.

பாட்டு தலைக்கு மேலேயே போய்விட்டது. சத்தத்தைக் குறைக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

பிரிட்டோவை முதலில் வில்லனாக எழுதினேன். "முரட்டுக் கணவனான அவன்..." அடித்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் புது ஃபிரிட்ஜைத் தூக்க முடியாமல் நின்று அழுதவன் அவன். அவன் பயம் நியாயமானது. எனக்கு அவனையும் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை.

4.
ரோஸி எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். உட்கார்ந்தால் காதுக்கு நேராக இருக்கும்படி ஒரு பலகைமேல் வைத்தாள்.

"இன்னா ரோஸி, தண்ணி வந்தா?"

"வந்தா தூக்கிக்கலாம். அதுவரைக்கும் பல்லிக்குப் பாட்டு போட்டுக்கினு இருக்கணுமா?"

"போன வாட்டி இன்னாத்த தூக்கினோம்?"

அவள் ஸ்பீக்கர் வயரை இழுத்துச் செருகினாள்.

"ஒண்ணும் தூக்கல. அதுக்கோசரம் மிச்ச நாளெல்லாம் அண்ணாந்து பாத்துக்கினே வாழ முடியாது" என்றாள்.

5.
படித்துப் பார்த்த என் தோழி ஜெயஸ்ரீ, "டிசம்பர் மழையைக் கொண்டு வா. ரிசீவர் முழுகணும். அப்பதான் கதைக்கு வெயிட்" என்றாள்.

முடியாது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு எதை வாங்கினாலும் அதைக் கதையில் மூழ்கடிப்பது என்ன பழக்கம்? எனக்குக் கோபம் வருகிறது.

மாற்று முடிவு: பிரிட்டோ மனம் மாறி, அவள் தோளில் சாய்ந்து...

(இல்லை. அவன் மனம் மாறவில்லை. ரிசீவரைத் திரும்பப் பரணில் ஏற்றவும் இல்லை.)

இப்போது அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். தூறல் போடுகிறது. உள்ளே ரோஸி குமிழை இன்னும் கொஞ்சம் திருகுகிறாள். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளம் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டுக்குள் போய், பாட்டை நிறுத்தச் சொல்லி ரோஸியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

போய்க் கேட்டுப் பாருங்கள்.