கதவோரத்து ஈரம்

பெல்மிரோ இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் அந்த அக்டோபரில் அவர் தினமும் காலைக் காப்பிக்கு வந்துகொண்டிருந்தார்.

வருவது பின்கதவு வழியாகத்தான். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையோடு, வயலிலிருந்து நேராக வந்தவர்போலக் கதவோரத்தில் நின்றுகொள்வார். அதைத் தாண்டி உள்ளே வர மாட்டார். சேற்றுக் காலோடு சமையலறையில் நுழைந்தால் மனைவி தியோலிந்தா என்ன பாடு படுத்துவாள் என்பது அவருக்குத் தெரியும். செத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அவர் காலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கும். அவள் இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றுவாள்.

ஜன்னலுக்கு வெளியே கிரான்பெர்ரி வயலில் அறுவடைக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். கொடியை விட்டுப் பிரிந்த பழமெல்லாம் மேலே மிதந்து, குளம் முழுக்கக் குங்குமம் கொட்டியதுபோல் கிடந்தது. அதன் மேல் பனி மெல்ல நகர்ந்தது. எது வயல், எது வானம் என்று அவளுக்குச் சில நேரம் பிடிபடவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

"யாரோ மதகுப் பலகையை எடுக்க மறந்துட்டாங்க லிந்தா," என்பார் பெல்மிரோ. "சொட்டுத் தண்ணி வரல. கொடியெல்லாம் காயுது."

"கண்ணு அவிஞ்சு போச்சா கிழவா? வெளிய பாரு, பூரா தண்ணிதான்."

"நான் அந்த வயலைச் சொல்லல."

வேறு எந்த வயல் என்று அவள் கேட்டதில்லை. பாதி வார்த்தையை முழுங்கிப் பேசுவது அந்த மனிதருக்குப் பழைய வழக்கம்.

உண்மையில் காய்ந்துகொண்டிருந்தது அவள்தான். கோடையில் ஒருநாள் குளியலறைக்குப் போகும் நடையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. மகளிடம் சொன்னால் பெரிய விஷயமாக்குவாள் என்று சொல்லவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டுத் தண்ணீரைக் குறைத்தாள். வந்ததையும் அடக்கினாள். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். தியோலிந்தா அதற்குத் தலைகீழ். கோபத்தை ஒரு நிமிடம் அடக்கத் தெரியாது. மற்றதை மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எரிச்சல் தொடங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் அந்த இடத்தைப் பற்றி யாரிடம் போய்ப் பேசுவது? காலையும் மாலையும் ஒரு சின்னக் கிளாஸில் தங்கள் வயல் பழத்தின் சாற்றைக் குடித்தாள். வேர்ஹாம் ஊரில் அந்தப் பழத்தை நம்பாதவர் கிடையாது. கடலுக்கு அப்பால் ஒரு தீவிலிருந்து கப்பலேறி வந்து, முட்டி போட்டுப் பழம் பறித்து, பிறகு சொந்தமாக வயல் வாங்கிய குடும்பங்கள் அவை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சாறு இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று அவள் இருந்துவிட்டாள்.

எரிச்சல் கொஞ்சம் மங்கியது. அதற்குப் பிறகுதான் பெல்மிரோ வர ஆரம்பித்தார்.

மகள் இவோன் பிராக்டனில் இருந்து வாரக் கடைசியில் வருவாள். அவள் கண்ணில் இரண்டு கோப்பைகள் பட்டன. அம்மா கதவைப் பார்த்துச் சிரிப்பதும் பட்டது. அடுப்பில் சோறும் பயறும் கருகிக்கொண்டிருக்க, அம்மா அவளைச் செத்துப்போன அத்தையின் பெயரால் கூப்பிட்டாள். இவோன் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். அடுத்த வாரமே பிளிமத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டாள். மறதி நோய் வந்தவர்களுக்கான இடம். மாதம் பிறந்ததும் போக வேண்டும், இந்த வீட்டை விற்க வேண்டும் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அங்கே வாசல் கதவு எண்களை அழுத்தினால்தான் திறக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

வீட்டை விட்டுப் போகத் தியோலிந்தாவுக்கு மனமில்லை. மறுநாள் காலை பெல்மிரோவிடம் கேட்டாள்.

"அங்க நீ எப்படி வருவ? நம்பர் போட்டாத்தான் கதவு தொறக்குமாம்."

"நம்ம கல்யாணத் தேதியே எனக்கு ஞாபகம் இருந்ததில்ல," என்றார் பெல்மிரோ வருத்தத்தோடு. "நம்பருக்கு நான் எங்க போவேன்?"

இல்லத்தில் சேர்க்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். ஹாலிஹன் என்ற அந்த டாக்டரம்மா, அம்மா எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஒரு மாதமாகத்தான் என்றாள் இவோன். அதற்கு முன்னால் சர்ச்சில் சீட்டாட்டத்தில் எல்லோரையும் ஏமாற்றி ஜெயித்துக்கொண்டிருந்தவள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மறதி நோய் பொதுவாக மெல்ல நடந்துதான் வரும், இது ஓடி வந்திருக்கிறது, முதலில் சிறுநீரைப் பார்த்துவிடுவோம் என்றார்.

பார்த்ததில் கிருமி இருந்தது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இப்படிப் புத்தியைக் கலக்கிவிடுவது உண்டு என்றார். மாத்திரை எழுதினார். சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வந்தால் அடக்காமல் போக வேண்டும். முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். சாறு குடிக்கிறேனே என்று தியோலிந்தா முறைத்தாள். மறுபடி வராமல் தடுக்க அது சிலருக்கு உதவலாம், உள்ளே வந்ததை விரட்டாது என்றார் டாக்டர். சொந்தப் பிள்ளையைக் குறை சொன்னதுபோல் அவளுக்குச் சுருக்கென்றது.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "நீங்க பார்க்கிற ஆளும் கொஞ்ச நாள்ல போயிடுவாரு."

நல்ல சேதி என்று நினைத்துத்தான் அவர் சொன்னார். இவோன் முகத்தில் உயிர் வந்தது. தியோலிந்தா மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இவோன் லீவு போட்டு அம்மாவோடு தங்கினாள். வேளை தவறாமல் மாத்திரை, மேஜை மேல் எப்போதும் தண்ணீர்க் குடுவை. பெல்மிரோ வந்தார், ஆனால் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் குறைந்து வந்தார். முதலில் காப்பி மணக்கவில்லை என்றார். பிறகு அவர் சட்டையின் கட்டங்கள் மங்கின. காலடியில் தேங்கும் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது.

அன்று இவோன் குளித்துக்கொண்டிருந்தாள். தியோலிந்தா மாத்திரையை வாயில் போடவில்லை. கைக்குள் மூடி வைத்திருந்தாள். இதை விழுங்கினால் வீடு இருக்கும், அவர் இருக்க மாட்டார். விழுங்காவிட்டால் அவர் இருப்பார், எண் போட்டுத் திறக்கும் கதவுக்கு வெளியே. கதவோரத்தில் அவர் பனியில் நின்ற மரமாகத் தெரிந்தார். முகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"இதைப் போட்டா நீ போயிடுவியாமே," என்றாள்.

"நான் போய் எவ்வளவு நாளாச்சு லிந்தா."

"தெரியும். இப்ப மறுபடியும் போகணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இப்பத்தான் மதகைத் தொறந்திருக்கு," என்றார். "கொடி பச்சை பிடிக்குது. திரும்ப அடைச்சிடாத."

அவர் ஒரு பேச்சை முழுதாகச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரையை வாயில் போட்டு, நெட்டைக் கிளாஸ் நிறையத் தண்ணீரை ஒரு மூச்சில் குடித்தாள். குடித்து முடித்துக் கிளாஸை இறக்கியபோது எதிரில் கதவு மட்டும் இருந்தது.

புத்தி தெளிந்துவிட்டது. பிளிமத் இல்லத்துக்கு இனி வேண்டாம் என்று இவோன் சொல்லிவிட்டாள். குளியலறை நடையில் இவோன் கைப்பிடிக் கம்பியும் ஒரு விளக்கும் பொருத்தினாள். சர்ச்சில் தியோலிந்தா மறுபடியும் சீட்டில் ஏமாற்றினாள். கையும் களவுமாகப் பிடித்தவர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள். வயலில் பழத்தை வாரிக்கொண்டு போனபின் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வெளியே வெறும் பழுப்புக் கொடி தெரிந்தது. வயல் எது, வானம் எது என்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அவரை வரவழைக்கும் வழி அவளுக்குத் தெரியும். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் தண்ணீரைக் குறைத்து, வந்ததை அடக்கினால் போதும். இவோன் ஊருக்குப் புறப்பட வேண்டிய காலையில் அவள் குடுவை எதிரில் இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு கிளாஸை நிரப்பினாள். பின்கதவு வரை போய், அவர் நிற்கும் இடத்தில் குனிந்து, கொஞ்சம் தண்ணீரைத் தரையில் சாய்த்தாள். மீதியைச் சொட்டு விடாமல் குடித்தாள்.

பெட்டியோடு வந்த இவோன் கதவோரத்து ஈரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, யாரு வந்தது?"

"யாரும் வரல," என்றாள் தியோலிந்தா. "இனிமே வரவும் மாட்டார். நான்தான் ஊத்தினேன்."

இவோன் அம்மாவைப் பார்த்தாள், கையிலிருந்த காலிக் கிளாஸைப் பார்த்தாள். துடைக்கும் துணி பக்கத்திலேயே தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த ஈரத்தில் கால் படாமல் ஓரமாகச் சுற்றி வெளியே போனாள்.