மாத்திரை போடாத நாட்கள்

மாதத்தில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை பாப்பம்மாவுக்குக் கண்டியில் இதயக் கிளினிக். அதற்கு முந்தின நாளே அவள் வெள்ளை மாத்திரையை நிறுத்திவிடுவாள். செவ்வாய்க்கிழமை காலையிலும் தொடமாட்டாள். இது அவளுக்கும் அவள் புருஷன் சின்னமுத்துவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். டொக்டருக்குத் தெரியாது. தெல்தெனியவில் கட்டிக்கொடுத்த மகள் சர்மிளாவுக்கும் தெரியாது.

மற்ற மாத்திரைகளோடு பாப்பம்மாவுக்கு ஒரு பகையும் இல்லை. ஒன்று வறட்டு இருமலைக் கொடுத்தது, இன்னொன்று கைகால்களைச் சில்லிட வைத்தது. புசல்லாவைக் குளிரில் எவள் கைதான் சூடாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பொறுத்துக்கொண்டாள். அவளை ஆட்டிவைத்தது இந்த வெள்ளை மாத்திரைதான். அவளுடைய இதயம் களைத்துப் போயிருந்தது. அது இறைக்க முடியாமல் விட்ட நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்கியது. அந்த நீரை இந்த மாத்திரை வெளியேற்றும். நல்ல மாத்திரைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் விழுங்கி ஒரு மணித்தியாலத்தில் விரட்ட ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் விடாது. ஆறு தடவை, ஏழு தடவை. தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் பதினாலு படி இறங்கித்தான் கக்கூஸ். அறுபத்தெட்டு வயதில் அந்தப் படிகளை ஏழு தடவை இறங்கி ஏறிப் பார்த்தவர்கள்தான் அதைப் பற்றிப் பேசலாம்.

வீட்டிலேயே இந்தப் பாடு. பஸ்ஸில் என்றால்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிளினிக் தொடங்கிய புதிதில், சொன்னபடி காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள். கம்பளை தாண்டி ஓரிடத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. பஸ் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. பாப்பம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கி ஒதுங்கலாம் என்றால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் வரிசையாக வாகனங்கள். கடைசியில் அவளால் முடியவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்துவிட்டு விலகி நின்றது. கண்டக்டரும் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னமுத்துவுக்கு. தன் ஜேர்சியைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிவிட்டார்.

அன்றைக்குக் கிளினிக்குக்குப் போகாமலே திரும்பினார்கள். வீடு வந்ததும் அவள் கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு கையடிங்க. மககிட்டயும் சொல்லக்கூடாது. டொக்டருகிட்டயும் சொல்லக்கூடாது."

கையடித்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், பெரிய புத்திசாலி மாதிரி ஒரு யோசனையும் சொன்னார்.

"இனி கிளினிக் நாளைக்கு அந்த மாத்திரைய போடாத புள்ள. முந்தின நாளும் விட்டுரு. தண்ணியும் குடிக்காத."

தண்ணீர் குடிக்காமல் இருப்பது பாப்பம்மாவுக்குப் புதிதா என்ன? முப்பத்தாறு வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மலையில் பெண்களுக்கு ஒதுங்க ஏது இடம்? இந்தப் பக்கம் கங்காணி நிற்பார், அந்தப் பக்கம் மருந்தடிக்கிற ஆம்பிளைகள் நிற்பார்கள். அதனால் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு வாய் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்வாள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் செம்பைத் தூக்குவாள். எந்த வெயிலிலும் அப்படித்தான், மாசமாக இருந்தபோதும் அப்படித்தான். அந்தத் தோட்டத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் உடம்பை அடக்கி வைத்திருந்தார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றியதில்லை.

யோசனை பலித்தது. பஸ்ஸில் அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் கால் வீங்கிவிடும். கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையானவர், ஆனால் தமிழ் அவ்வளவாக வராது. பஹீம் என்கிற உதவியாளன் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொல்வான். வரிசையில் இருக்கும் முப்பது பேருக்கும் கேட்கிற குரல் அவனுக்கு. டொக்டர் பாப்பம்மாவின் கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்குவார். குழி விழும், லேசில் எழும்பாது.

"வெள்ள மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களான்டு கேக்குறாங்க," என்பான் பஹீம்.

"போடுறேங்க," என்பாள் பாப்பம்மா.

ஒழுங்காகப் போட்டும் கால் வீங்குகிறதென்றால் மாத்திரை காணாது என்றுதானே எந்த டொக்டரும் நினைப்பார்? ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. கிளினிக் கொப்பியில் எழுதியதை வீட்டில் பாப்பம்மா தவறாமல் போட்டாள். அவள் ஏமாற்றுக்காரி இல்லை. மாதத்தில் இரண்டு நாள் சொன்ன பொய்க்காக மற்ற நாளெல்லாம் உண்மையாக மருந்து போட்டவள். கால் சதை முறுக்கிப் பிடித்தது. நாக்கு வறண்டது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தாள். ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் குடத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயசாகுது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பாப்பம்மாவும் ஆமாம் என்றாள்.

சின்னமுத்து இருபது வருஷம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு பிடித்தவர். மழை நாளில் கொழுந்து நனைந்து வரும். அதில் தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எடையைப் பேரில் எழுதுவார்கள். ஒரு பின்னேரம் அடுப்பங்கரையில் பாப்பம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அது விறகுச் சுள்ளி மாதிரி வற்றிக் கிடப்பதைப் பார்த்தார். டொக்டர் இந்தக் காலைப் பார்த்ததே இல்லை. அவருக்குக் காட்டுவதெல்லாம் மழை நாள் கொழுந்து. மழை பெய்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

"டொக்டருகிட்ட சொல்லிருவோம் புள்ள," என்றார். "நாமதான் தப்பு பண்றோம். அவங்க வீங்கின கால மட்டும் பாத்துட்டு மருந்த கூட்டிக்கிட்டே போறாங்க."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"மாத்திரை போடாம வந்தோம்னு."

"ஏன் போடலன்னு கேப்பாங்க. அந்தத் தம்பி அத சத்தமா கேக்கும். நம்ம தோட்டத்து ஆளுக நாலு பேராவது அங்க இருப்பாங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போறது?" காலை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். "கையடிச்சிருக்கீங்க," என்றாள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வேற ஏதும் சொல்ல இருக்கான்டு கேக்குறாங்க," என்றான் பஹீம்.

சின்னமுத்து வாயைத் திறந்தார். பாப்பம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். மிரட்டவில்லை, கண்ணால் கெஞ்சினாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றார்.

டொக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார். பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது, பாவம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு, நாலாவது தடவையாகப் பின்பக்கம் போனவள், மூன்றாவது படியில் கண் இருட்டி விழுந்தாள். சின்னமுத்து ஓடிப் போய்ப் பார்த்தபோது கீழ்ப்படியில் தலை மோதிக் கிடந்தாள். ரத்தம் அதிகமில்லை. அதனால் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தார்.

கண்டி ஆஸ்பத்திரி வார்டுக்கும் அதே டொக்டர்தான் வந்தார். பஹீமும் கூட வந்தான்.

"ரத்தத்தில உப்பு ரொம்ப இறங்கிட்டாம் ஐயா. தலைக்குள்ளயும் ரத்தம் கசிஞ்சிருக்காம். மருந்து எப்பிடி எப்பிடிப் போட்டாங்கன்டு சரியாச் சொல்லச் சொல்றாங்க."

சின்னமுத்து சொன்னார். பஸ், மண்சரிவு, ஜேர்சி, கையடித்தது, மாத்திரையை விடச் சொன்னது தான்தான் என்பது, எல்லாவற்றையும் சொன்னார். முப்பது பேருக்குக் கேட்கிற குரல்காரன் இந்த முறை அவர் பக்கத்தில் குனிந்து கேட்டான். டொக்டரின் காதருகில் போய், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காமல், சிங்களத்தில் சொன்னான். டொக்டர் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி, மாதாமாதம் கூட்டி எழுதியதைப் பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"கிளினிக் நாளைக்கு அந்த மாத்திரைய வீட்டுக்குப் போய் மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டாப் போதுமாம். கேட்டிருந்தா அன்டைக்கே சொல்லியிருப்பாங்களாம்." பஹீம் தயங்கினான். "என்ட உம்மாவும் அப்பிடித்தான் ஐயா. அக்குறணையிலருந்து பஸ்ஸில வாற. கிளினிக் நாளைக்கு மத்தியானம் ளுஹர் தொழுதுட்டுத்தான் அத போடுற."

அவ்வளவுதானா என்று சின்னமுத்துவுக்குத் தோன்றியது. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட்டு இரண்டு வருஷம் அவளை வதைத்திருக்கிறார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வார்டு நர்ஸ் மிஸ்ஸிமார் பார்ப்பார்களே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பின்னேரம் பாப்பம்மா கண் திறந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் புள்ள."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"யாருக்கும் கேக்கல. அந்தத் தம்பி மெதுவாத்தான் பேசுச்சு."

"என்ன சொன்னாங்க?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தார். இனி அவளிடம் எதையும் மறைக்க அவருக்குத் தெம்பில்லை.

"வீட்டுக்கு வந்து மத்தியானம் போட்டாப் போதுமாம்."

"மத்தியானமா?" என்றாள் அவள். உதடு வெடித்துக் கிடந்தது. "மத்தியானம் போட்டாப் போதுமா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் அவரைத் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில், சர்மிளா கஞ்சியோடு வந்து சேருவதற்குள், போய்விட்டாள்.

அடுத்த மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை சின்னமுத்து கண்டிக்குப் போனார். மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க என்று மகளிடம் சொன்னார். வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். பையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் வரிசையில் வழக்கமான வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண், அறுபது அறுபத்தைந்து இருக்கும். விரலெல்லாம் தேயிலைக் கறை. செருப்புக்குள் அடங்காமல் கால் வீங்கியிருந்தது. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள். மகன் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வேண்டாம் என்று தள்ளினாள்.

சின்னமுத்து அந்தக் காலைப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு வெள்ள மாத்திரைய போட்டீங்களா?"

அவள் திடுக்கிட்டு மகனைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

"போட்டேங்க," என்றாள்.

பாப்பம்மா சொல்வது போலவே சொன்னாள். சின்னமுத்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை. ஒரு தடவை மீறிய சத்தியம் போதும்.

"பஸ்ல வர்ற நாளைக்கு மட்டும் வீட்டுக்குப் போய் ரெண்டு மணிக்குப் போடலாம். ஒரு டொக்டர் சொல்லித்தான் சொல்றேன். வெக்கப்படாம உள்ள போய் நீங்களும் கேளுங்க. அந்தத் தம்பி மெதுவாத்தான் பேசும்."

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. நம்ப முடியாமல் அவரைப் பார்த்தாள்.

"மத்தியானமா?" என்றாள். "மத்தியானம் போட்டாப் போதுமா?"

ஆஸ்பத்திரியிலும் அழாதவர், மயானத்திலும் அழாத சின்னமுத்து, அந்த வாங்கில் உட்கார்ந்து மாத்திரைப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் மகன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, முதலில் அவரிடம் நீட்டினாள்.