குப்பம்மா கொல்லை

“அம்மன்னு போட்டுடேன். எங்க தாத்தா கனவுல வந்து, இங்க கொடி நடுன்னு சொன்னாளாம். அந்த அம்மன் பேரு குப்பம்மா. முடிஞ்சுது கதை.”

“சார், அந்தப் பேர்ல இங்க அம்மனே இல்லியே.”

“பாட்டில் வாங்கறவன் கோயிலைத் தேடிகினா வரப் போறான்? நீ டைப் பண்ணும்மா.”

மோனிகா விரல்களை விசைப்பலகையில் வைத்தாள், தட்டவில்லை. எதிரே சுழல் நாற்காலியில் பாதி வட்டம் போவதும் திரும்புவதுமாக இருந்தான் தணிகைமணி. மூன்று தலைமுறையாகத் திராட்சாரிஷ்டம் போட்டு மருந்துக் கடைகளுக்கு அனுப்பிய குடும்பம் அவனுடையது. திருத்தணி மலைக்குக் கிழக்கே அவர்களுடைய திராட்சைப் பந்தல்கள். அரிஷ்டம் ஊறிய ஜாடி வீட்டில் இப்போது ஒயின் லைசென்ஸ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எஃகுத் தொட்டிகள் வந்துவிட்டன. பழைய ஜாடிகளைக் கழுவி, பார்க்க வருகிறவர்களுக்காக வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

மூன்று நிலத்து ஒயினுக்கு மூன்று லேபிள், ஒவ்வொன்றிலும் ஒரு கதை. சடகோபன் கொல்லையில் ஒரு துறவியைத் தவம் செய்ய வைத்தாயிற்று. வேணு கொல்லையில் ஓர் இடையனைக் குழல் ஊத வைத்தாயிற்று. அந்தச் சடகோபன் வண்டியோட்டி. பீடி இல்லாமல் அரைமணி நேரம் இருக்க மாட்டான். வேணு மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவன். அவன் ஊதியதெல்லாம் அடுப்புதான். மூன்றாவதுதான் பாக்கி. அதன் கதை மோனிகாவுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவின் பெயர் குப்பம்மாள்.

அந்த ஜாடி வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவடையில் எல்லா வேலையாட்களும் பறிப்பார்கள்; யார் பறித்த பழமோ அவர் பெயரை ஜாடியின் கழுத்தில் சுண்ணாம்பால் எழுதுவார்கள். வாயைத் துணியால் கட்டி, மண் பூசி, ஒரு மண்டலம் இருட்டில் வைப்பார்கள். நன்றாக வந்த ஜாடியில் யார் பெயர் என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. புளித்துப் போனால் மட்டும் பெயரைப் படிப்பார்கள். அப்புறம் அந்த ஆள் பறித்த நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். நல்ல பழம் தந்த நிலத்துக்கெல்லாம் இன்றைக்கும் சர்வே நம்பர்தான்.

குப்பம்மாளின் ஜாடி ஒரே பருவத்தில் மூன்று முறை புளித்தது. மோனிகா அப்போது பிறந்திருக்கவில்லை. தணிகைமணியின் அப்பா கோதண்டபாணி, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளை நிறுத்தி, “தீட்டோட பழத்துல கை வெச்சியா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்ப உன் கையே புளிச்ச கை” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அன்றோடு வேலை போயிற்று. ஊரில் எவரும் அவள் கையால் மோர் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் அவளே அதை நம்பிவிட்டாள். பாலுக்கு உறை ஊற்ற மாட்டாள். ஊறுகாய் ஜாடியைத் தொட மாட்டாள். இட்லிக்கு அரைப்பாள்; உப்புப் போட்டுக் கரைக்க மகள் வர வேண்டும். மோனிகா கல்லூரி விடுதியில் இருந்த மாதங்களில் அந்த வீட்டில் இட்லியே கிடையாது.

போன வாரம் நாசிக்கிலிருந்து ஜெயப்பிரகாஷ் என்கிற ஒயின் நிபுணர் வந்திருந்தார். குப்பம்மா கொல்லைப் பழத்தில் போட்ட ஒயினை ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பந்தலுக்கு நடந்து போய் மலையை அண்ணாந்து பார்த்தார்.

“மத்தியானத்துலயே மலை நிழல் விழுந்துடுதுங்க. பழத்துல இனிப்பு ஏறாது, புளிப்பு நின்னுடும். அரிஷ்டம் போட்டா கெட்டுத்தான் போகும், யாரு கை வெச்சாலும். ஒயினுக்கு இது தங்கம்!”

தணிகைமணிக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டது. டம்ளர் தட்டோடு பின்னால் நின்ற மோனிகாவுக்கு அதற்கு முந்தியது கேட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். நோயோடு கட்டிலில் சாய்ந்திருந்த குப்பம்மாள் தன் கைகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்த ஆளுக்கு இன்னாடி தெரியும்? நேத்து வந்தவரு. பெரியவரு சொன்னது பொய்யாப் பூடுமா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னாம்மா யோசிச்சிகினு இருக்க?” என்றான் தணிகைமணி.

மோனிகா தன் அம்மாவின் ஜாடிக் கதையை, நிபுணர் சொன்னதோடு சேர்த்துச் சொன்னாள். அவன் நாற்காலி நின்றது. பிறகு சிரித்தான். “கெட்டுப்போன ஜாடின்னு லேபிள்ல போட்டா எவன் வாங்குவான்? நைனா, இங்க வாயேன். இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு.”

வெளியே ஜாடிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்த கோதண்டபாணி உள்ளே வந்தார். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். மகன் சொன்னதைக் கேட்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“ஆங், குப்பு. மறந்தே பூட்டேன். நல்லா பறிப்பா, கொத்து உதிராம.” துணியை மடித்தார். “அம்மன்னு எல்லாம் போடாதடா, தெய்வக் குத்தம். நம்ம கிட்ட வேலை செஞ்ச விசுவாசின்னு போடு. பாப்பா, உங்கம்மா பேரு பாம்பே வரிக்கும் போவப் போது. மொத பாட்டிலை நீயே எடுத்துகினு போய்க் காட்டு. பாத்தா சந்தோசப்படும்.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“நீ படிச்சுக் காட்டு.”

“விசுவாசி! இது நல்லாக்கீது நைனா” என்றான் தணிகைமணி. “அதையே போடும்மா.”

மோனிகா எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. இந்த மனிதரிடம் இதுவரை ‘ஆங்’, ‘சரிங்க’ தவிர வேறொன்றும் அவள் பேசியதில்லை.

“பேரை எப்படி வேணா போட்டுக்கங்க, ஐயா. அம்மன்னு போடுங்க, விசுவாசின்னு போடுங்க. பாட்டிலும் வேணாங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, அது உங்க வாயால வந்தது. நான் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்குது. டாக்டரு இன்னும் கொஞ்ச நாளுதான்னு சொல்லிட்டாரு. ஒரு தபா எங்க வீட்டுக்கு வாங்க ஐயா. ‘மலை நிழலுதான் குப்பு, உன் கை இல்ல’ன்னு சொல்லிட்டு, அது கையால ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிச்சிட்டுப் போங்க.”