சுவாமி பெயருக்கு வந்த உத்தரவு

தாலுகா அலுவலகத்தில் எனக்குக் கிடைக்க வேண்டிய வேலை எங்கள் ஊர் ஈஸ்வரனுக்குக் கிடைத்தது. தேர்வு எழுதியது நான். பதினொரு மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் அர்ச்சனை செய்ததும் நான். ஆனால் அர்ச்சனை யார் பெயருக்கோ பலன் அவருக்குத்தான் என்பது எங்கள் கோயில் நடைமுறை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டபோதெல்லாம், "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று நான் சொல்லியிருந்தேன்.

பின்னால் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்கள் முன்னால் என் பெயரை உரக்கச் சொல்லக் கூச்சம். வேறு காரணம் எதுவும் இல்லை.

நியமன உத்தரவில் 'அருள்மிகு தன்னையறிவித்த நாதர்' என்று இருந்ததால் தபால்காரர் அதைக் கோயிலில் கொடுத்துவிட்டார். சுவாமி அன்றைக்கே பணியில் சேர்ந்துவிட்டார். எனக்கு விஷயம் தெரியவே பதினான்கு நாள் ஆயிற்று. பணியில் சேர்ந்து பதினைந்து நாள் முடிந்துவிட்டால் பெயர் மாற்றம் கிடையாது. வேலை இல்லையென்றால் வைகாசியில் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசாததால் மாப்பிள்ளைக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டதாம்.

பதினைந்தாம் நாள் காலையில் கோயிலுக்குப் போனேன். கருவறையில் விளக்கு மட்டும் எரிந்தது. குருக்கள் காலி இடத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சுவாமி எட்டு பத்து பஸ்ஸுக்கே போயிட்டாரே" என்றார். "இன்னிக்கு மனு நாளாம்."

"அது என் வேலைங்கய்யா."

அவர் தல புராணத்தை ஆரம்பித்தார். "இந்த ஊர் ராஜா குளத்துல முகம் கழுவறச்சே தன் பேரையே மறந்துட்டான். சுவாமி பேர் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவன் காதுல வந்து நீ யார்னு சுவாமியே சொன்னார். நீயும் அந்த மாதிரிதாம்மா. பதினோரு மாசத்துல 'நான்'னு ஒரு தடவை சொன்னதில்லே. ஞானி."

"ஞானி இல்லைங்கய்யா. கூச்சம்."

"ஞானிகள் அப்படித்தான் சொல்லுவா" என்று விபூதி கொடுத்தார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சுவாமிக்குக் குடும்ப அட்டைப் பிரிவில் வேலை. என் நெற்றியைப் பார்த்ததும் கண்காணிப்பாளர் மரகதவல்லி வாசலிலேயே மடக்கினார்.

"கோயில்லேருந்தா வர்றே? வந்து கூட்டிட்டுப் போ தாயே. கேக்கிறவங்களுக்கெல்லாம் கேட்டதைக் குடுத்துடறாரு. செத்துப்போன அப்பா பேரைச் சேர்க்கணும்னு ஒருத்தர் மனு போட்டாரு. சேர்த்துட்டாரு. இப்ப அந்தப் பெரியவரே பையோட வந்து, பருப்பு எங்கேன்னு சண்டை போடறாரு."

சுவாமி மூன்றாவது மேஜையில் இருந்தார். பாம்பை இழுப்பறையில் வைத்து முக்கால்வாசி மூடியிருந்தார். நான் வரிசையில் நின்றேன். என் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"பேர்?" என்றார், நிமிராமல்.

"சுவாமி, நான் வெள்ளிக்கிழமை..."

"தெரியும்மா. நெய் விளக்கு, மூணு வாழைப்பழம். பேர்தான் தெரியாது." பேனாவைக் கீழே வைத்தார். "பதினோரு மாசமா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். என் பேருக்கேங்கிறே. என் பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இங்கே தகப்பன் பேர் எழுதச் சொல்றாங்க. நான் எங்கே போவேன்?"

"ராஜாவுக்கு மட்டும் நீங்களே சொன்னீங்களாமே."

"அவன் பேரைக் குளத்துப் படியில வெட்டி வச்சிருந்தான். படிச்சுச் சொன்னேன்."

"மெதுவாச் சொல்லட்டுமா?"

"ஆட்சேபணை உண்டான்னு நான் கேக்கணும்மா. எல்லாருக்கும் காதுல விழணும். அதுதான் விதி."

நான் நின்றேன். வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது. சுவாமி கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "புருஷன் பேரைச் சொல்லச் சொன்ன மாதிரி நிக்குது பாரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். குருக்கள், அப்பா, மாப்பிள்ளை, இந்த அம்மாள் என எல்லோர் மேலும் ஒரே நேரத்தில் எரிச்சல் வந்தது.

"திலோத்தமை!" என்று கத்தினேன்.

என் குரல் அவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியாது. தேவலோகத்து நாட்டியக்காரியின் பெயரைக் கேட்டவர்கள் வழக்கமாகச் செய்வதை அவர்களும் செய்தார்கள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள்.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார் சுவாமி.

"பருப்பு எப்ப வரும்?" என்றார் ஒரு பெரியவர்.

"அது ஆட்சேபணை இல்லை." உத்தரவில் தன் பெயரை அடித்து, என் பெயரை எழுதி, சுருக்கொப்பம் போட்டார். பாம்பை எடுத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

அப்போது மணி பன்னிரண்டு. கோயிலில் நடை சாத்தியிருப்பார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று முகவரி எழுதிக் கொடுத்தேன். மாலைவரை மனுக்களைப் பார்த்தேன். பெயர் கேட்டபோது முணுமுணுத்தவர்களை, உரக்கச் சொல்லச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. அம்மா சுவாமியைக் கொல்லையில் மணை போட்டு உட்காரவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு அவரைக் கோயிலுக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை. எத்தனை துண்டு மாற்றியும் கங்கை நிற்கவில்லை. அண்டா நிரம்பிவிட்டதால் அப்பா பக்கத்து வீட்டில் குடம் வாங்கப் போயிருந்தார்.

"உத்தரவு என் பேருக்கு மாறிடுச்சும்மா" என்றேன்.

"மாறிடுச்சா? சரி, அந்தக் குடத்தை இப்படித் தள்ளு."

தள்ளினேன். அது நிரம்பியபோது அதில் ஒரு சின்ன மீன் இருந்தது. அதை மட்டும் எடுத்துக் கிணற்றில் விட்டுவிட்டு, குடத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.