பெவர்லிக் கடை வவுச்சர்

என் கட்டைவிரலை வெட்டிப் போட்டாலும் தகும்.

பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. பள்ளி நாட்களில் என் இரண்டு பெண்களும் மதியம் அங்கேயே இலவசமாகச் சாப்பிட்டுவிடுவார்கள். விடுமுறையென்றால் அதற்குப் பதிலாக நகர கவுன்சில் சாப்பாட்டுச் சாமான் வாங்க என் போனுக்கு முப்பது பவுண்டு வவுச்சர் அனுப்பும். பட்டியலில் ஒரு கடையைத் தொட்டால் அந்தக் கடைக்கான பார்கோடு வரும். என் போன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தெருமுனைக் கடையைத் தொடப் போய், அதற்குக் கீழே இருந்த மெல்ஃபர்டில் விரல் பட்டுவிட்டது. உறுதியா என்று வேறு கேட்டது. படிக்காமலே ஆமாம் என்று அழுத்தித் தொலைத்தேன்.

மெல்ஃபர்ட் பணக்காரர்களின் கடை. இங்கிலாந்தில் எங்கள் ஹல் ஊரில் அது ஒன்றுகூடக் கிடையாது. பெவர்லிக்குப் போக வேண்டும், பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

கவுன்சிலுக்கு போன் போட்டேன். "ஒரு தடவை கடைய எடுத்துட்டா மாத்த முடியாதும்மா, மன்னிச்சுக்கோங்க," என்றாள் ஒரு பெண். குரல் அத்தனை இனிமை, திட்டவும் மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு மோரீனுக்கு ஒரே சிரிப்பு. "முப்பது பவுண்டுக்கு அங்க ரெண்டு ஆலிவ் காய் தருவான். பத்திரமா பையில போட்டுட்டு வா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் என் மூத்தவள் கெசாயா. பத்து வயது. விடுமுறை வந்தாலே, "எனக்குப் பசிக்கலம்மா," என்று தட்டைத் தங்கை எல்சி பக்கம் தள்ளிவிடுவாள். இந்தத் திங்கட்கிழமையும் ஆரம்பித்துவிட்டாள். அது பொய்யென்று எனக்குத் தெரியாதா? அதே பொய்யைத்தானே நானும் அவளிடம் சொல்கிறேன்.

அவள்தான் கேட்டாள். "ஏம்மா, அங்கயும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவாங்கல்ல?"

எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஆனது. அன்றைக்குள் விற்க வேண்டிய சரக்குக்கு விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த வேட்டையில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. வாங்கி வந்து வைக்க உறைபெட்டியும் காலியாகத்தான் கிடந்தது. மின்சார மீட்டரில் போட வைத்திருந்த காசை பஸ் டிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம்.

மெல்ஃபர்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் நான்கு மணிக்கு வந்தார். அவர் பின்னாலேயே போவது அசிங்கம். பக்கத்து அலமாரியில் தயிர் டப்பாவைப் படிப்பதுபோல நிற்க வேண்டும். நான் படித்தேன். கெசாயா வெண்ணெயைப் படித்தாள். முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டியும் பாலாடைக்கட்டியை வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அட, இவளும் நம்ம ஜாதிதானா என்று எனக்கு உற்சாகம் பொங்கியது.

எல்சிக்கு நாகரிகம் ஏது. "அங்கிள், அந்தக் கோழிக்கு எப்ப ஒட்டுவீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்துவிட்டு இரண்டு கோழிக்கும் ஒரு மீனுக்கும் ஒட்டினார். சீமாட்டியின் கையும் என் கையும் ஒன்றாக நீண்டன. அவள் என் பிள்ளைகளைப் பார்த்தாள். "கோழிய நீ எடுத்துக்க கண்ணு. மீன எனக்கு விட்டுடு," என்றாள் மெதுவாக.

அதன்பிறகு யார் எங்களைப் பிடிக்க முடியும்? கோழி, இறைச்சி அடைத்த பஃப், சூப், ரொட்டி, நான் பெயரே கேள்விப்படாத ஏதோ கிழங்கு என்று கூடை நிறைந்தது.

பணம் கட்டும் இடத்தில் போனை நீட்டினேன். விரிசல் பார்கோடின் நடுவே ஓடியதால் இயந்திரம் அதைப் படிக்கவில்லை. ஒருமுறை, இருமுறை, மூன்றாம் முறை. பின்னால் வரிசை நீண்டது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. சரக்கை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

"பார்கோடுக்குக் கீழ நம்பர் இருக்கும், அதப் படிங்க, நான் அடிக்கிறேன்," என்றான் கல்லாக்காரப் பையன். நான் முதல் எண்ணிலேயே தடுமாறினேன். கெசாயா போனை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பது எண்கள். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசி எண் முடிந்ததும் இயந்திரம் ரசீதைத் துப்பியது. வரிசையில் யாரோ மூச்சு விட்டது கேட்டது, முத்துமாலைக்காரியாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது மாடி பஸ்ஸில் முன்வரிசையே கிடைத்தது. ஐந்து பை. எல்சி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் பாதியை அக்காவுக்கு நீட்டினாள். கெசாயா இந்தத் தடவை அதைத் தள்ளவில்லை. மடியிலிருந்த பைக்குள் எட்டிப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, எனக்குப் பசிக்குதும்மா," என்றாள்.

இறைச்சி பஃப் ஒன்றைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். இன்னொன்றை எனக்குப் பிரித்துக்கொண்டேன்.